இறக்கத்தில் எரியாத விளக்கு

என்றும் என் பிரியத்துக்குரிய லீலா மதினிக்கு,

நீங்கள் இருந்தவரை உங்களுக்கு நான் ஒரு கடிதம்கூட எழுதியதில்லை. இருபது வருஷத்துக்கு மேல் ஒரே வீட்டில் இருந்த இரண்டு பேர் எதற்குக் கடிதம் எழுத வேண்டும்? அடுப்படியிலிருந்து ஒரு குரல் கொடுத்தால் போதுமாக இருந்தது.

இதை எல்லோரும் படிக்கும்படி எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. ஐந்து வருஷத்துக்கு முன்னால் உங்களைப் பற்றிப் போடி பஜாரில் ஒரு பேச்சு கிளம்பியது. ஏலக்காய்க் கடைகளிலும் கல்யாண வீட்டுப் பந்திகளிலும் அது சுற்றி வந்தது. உங்கள் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த ஒருவர்கூட, கை கழுவிக்கொண்டே, "பாவம், நல்ல பொம்பள. அந்த ஜீப்பு எஞ்சினத்தான் கெடுத்துப்புட்டாக" என்று சொல்லிவிட்டுப் போனார். ஊர் கேட்கச் சொன்னதை ஊர் கேட்கத்தான் மாற்றிச் சொல்ல வேண்டும். அந்தப் பேச்சில் என் பங்கு எவ்வளவு என்பது எனக்கே போன மாதம்தான் தெரிந்தது.

முதலில் வீட்டுச் செய்தி. கயல் பி.காம். முடித்துவிட்டாள். உங்கள் சாயல் அவள் கண்ணில் இல்லை மதினி, கோபம் வந்தால் மூக்கு நுனி சிவப்பதில் இருக்கிறது. உங்கள் ரோஜாச் செடிகளில் இரண்டு பட்டுவிட்டன. போடிமெட்டிலிருந்து நீங்கள் ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்த செடி மட்டும் பிழைத்துக்கொண்டது. அண்ணன் டி.வி. வாங்கியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை வந்தால் மாடியில் ஏறி ஆன்டெனாவைத் திருப்பிக்கொண்டு, "தெரியுதா? தெரியுதா?" என்று கத்துவார். படம் பளிச்சென்று தெரிந்துகொண்டிருக்கும். கயல் வேண்டுமென்றே, "இன்னும் கொஞ்சம் அங்கிட்டுப்பா" என்பாள். நீங்கள் இருந்திருந்தால் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்திருப்பீர்கள்.

இனி ஜீப்பைப் பற்றி. உங்களுக்குத் தெரிந்ததையே உங்களுக்குச் சொல்லப்போகிறேன். படிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஓர் ஏலத்தோட்டத்தில் மேற்பார்வை பார்த்தவரின் மகள் நீங்கள். கல்யாணத்துக்கு முன்பே தோட்டத்து மண் ரோட்டில் ஜீப் ஓட்டப் பழகியிருந்தீர்கள். அந்த மலைப்பக்கத்தின் மலையாளம் உங்கள் பேச்சில் அங்கங்கே ஒட்டிக்கொண்டிருந்தது. எது கெட்டுப்போனாலும், பால் பொங்கி வழிந்தாலும், "சாரமில்ல" என்பீர்கள். பரவாயில்லை என்பதைவிட அது மெத்தென்று இருக்கும்.

அண்ணன் ஏலக்காய் ஏற்றிவர ஜீப் வாங்கிய கொஞ்ச நாளில் டிரைவர் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டார். தோட்டத்தில் காய் காய்ந்து கிடந்தது. "நான் வேணா எடுத்துட்டு வரட்டுமா?" என்று நீங்கள் கேட்டபோது அண்ணன் சிரித்தார். அன்று சாயந்திரமே ஆறு மூட்டைகளோடு வாசலில் வந்து நிறுத்தினீர்கள். அப்புறம் அண்ணனும் ஓட்டப் பழகினார். ஆனாலும் மலைக்குப் போக வேண்டும் என்றால் சாவி உங்கள் இடுப்பில்தான் இருக்கும்.

நீங்கள் ஓட்டும் விதம் எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது. ஏறியதும் செருப்பைக் கழற்றி சீட்டுக்கு அடியில் தள்ளிவிடுவீர்கள். ஏன் என்று கேட்டதற்கு, "செருப்புப் போட்டா பெடலு என்ன சொல்லுதுன்னு காலுக்குத் தெரியாது வசந்தா" என்றீர்கள். இறங்கும்போது இரண்டாவது கியரில் எஞ்சின் உறும உறும வருவீர்கள். எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக் சூடாகாது என்பது உங்கள் கணக்கு.

அந்த ரோட்டில் வேறு யாரும் அப்படி இறங்குவதில்லை. பெட்ரோல் மிச்சம் பிடிப்பதற்காக, போடிமெட்டு உச்சியான மேட்டில் எஞ்சினை அணைத்துவிட்டு, சாவியை மட்டும் திருப்பி வைத்து, நியூட்ரலில் போட்டு, அடிவாரத்தில் இருக்கும் முந்தல் வரைக்கும் பிரேக்கை மட்டும் நம்பி உருண்டே வருவார்கள். அண்ணனும் அப்படித்தான்.

ஜீப்பின் டேஷ்போர்டில் சுண்டைக்காய் அளவில் ஒரு சிவப்பு விளக்கு உண்டு. சாவியைத் திருப்பினால் எரியும். எஞ்சின் ஓடத் தொடங்கி, உள்ளே ஆயில் சரியாக ஏறியதும் அணைந்துவிடும். எஞ்சின் ஓடும்போது எரிந்தால் ஆயில் ஏறவில்லை என்று பொருள், உடனே நிறுத்த வேண்டும். இதெல்லாம் இப்போது எனக்குத் தெரியும். அப்போது எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து எத்தனையோ தடவை மலை இறங்கியிருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் மேட்டிலிருந்து முந்தல் வரை அந்த விளக்கு எரிந்துகொண்டே வரும். அணைத்துப்போட்ட எஞ்சினுக்கு அது எரியாமல் என்ன செய்யும்? எனக்கு அது புரியவில்லை. இறக்கம் என்றால் எரியும், சமதளம் வந்தால் அணையும் என்று நானாக ஒரு விதி வைத்துக்கொண்டேன். யாரிடமும் கேட்கவும் இல்லை, உங்களோடு இறங்கும்போது எரிகிறதா என்று பார்க்கவும் இல்லை. கல்லூரியில் வரலாறு நடத்துகிறவள் நான். ஒரு கல்வெட்டை நம்பும் முன் இன்னொன்றோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறவள்.

அந்த ஐப்பசி மாதத்துச் சனிக்கிழமைக்கு வருகிறேன்.

கல்லூரி விடுமுறை என்று நானும் உங்களோடு மேட்டுக்கு வந்திருந்தேன். திரும்பும்போது சாரல், பனி மூட்டம், வளைவுக்கு வளைவு என் வயிறு புரண்டது. மூக்கில் எலுமிச்சம்பழத்தை வைத்துக்கொண்டு கண்ணை இறுக மூடிக்கொண்டேன். நடுவில் ஒருமுறை உங்கள் கை வந்து என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனது. வேறு எதுவும் எனக்குத் தெரியாது. கண்ணைத் திறந்தபோது வண்டி முந்தலில் ரோட்டோரம் நின்றிருந்தது. எனக்காகத்தான் நிறுத்தினீர்கள் என்று நினைத்து, என் பக்கம் இறங்கி வாந்தி எடுத்துவிட்டு வாய்க்கால் தண்ணீரில் முகம் கழுவினேன். நீங்கள் பானெட்டைத் திறந்து குனிந்திருந்தீர்கள். மலை இறங்கிய வண்டிக்கு எல்லோரும் தண்ணீர் ஊற்றுவார்களே, அதுவாக இருக்கும் என்று நினைத்தேன். திரும்ப ஏறியபோது சிவப்பு விளக்கு எரிந்தது. மலை இறங்கினோம், எரிகிறது. எனக்கு அதில் அதிசயம் ஒன்றும் இல்லை.

மெல்ல ஓட்டி வந்து வீட்டு வாசலில் நிறுத்தினீர்கள். அண்ணன் இரண்டு ஏலக்காய் வியாபாரிகளோடு வெளியே நின்றிருந்தார். வண்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"என்ன இது? எஞ்சின் ஓடுது, லைட்டு எரியுது?"

"முந்தல் வந்ததும் எரிஞ்சுச்சு. ஒடனே நிப்பாட்டிப் பாத்தேன். ஆயிலு நெறைய இருக்கு. எஞ்சின் சத்தமும் நல்லாத்தான் இருக்கு. லைட்டுதான் பொய் சொல்லுதுன்னு நெனைக்கிறேன்" என்றீர்கள்.

வியாபாரிகளில் ஒருவர் சிரித்தார். "லைட்டு எங்கனயாச்சும் பொய் சொல்லுமா தாயி? ஏப்பா, பொம்பளைக கையில குடுத்தா எஞ்சினுக்கும் நோவு வரத்தான் செய்யும்."

அண்ணன் முகம் கறுத்தது. அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். உங்களுக்குத் துணையாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டுதான் திறந்தேன் மதினி.

"இதுக்கு எதுக்குண்ணே சத்தம்? இறக்கம் பூரா எரிஞ்சுக்கிட்டேதான வந்துச்சு!"

"இறக்கம் பூராவா?"

"ஆமா. எப்பவும் போல."

"முந்தல்ல நிப்பாட்டுனாளா?"

"நிப்பாட்டுனாக. எனக்குக் கொமட்டிக்கிட்டு வந்துச்சுல்ல, அதுக்காக."

நீங்கள் என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். அதில் கோபம் இல்லை. என் முகத்தில் எதையோ தேடுகிற மாதிரி இருந்தது. நான் சிரித்துவைத்தேன்.

"கேட்டுக்கிட்டிகளா?" என்று அண்ணன் வியாபாரிகள் பக்கம் திரும்பினார். "மேட்டுல இருந்து ஆயில் ஏறாம ஓட்டிக்கிட்டு வந்துட்டு, லைட்டு பொய் சொல்லுதாம். கூட வந்தவளே சொல்றா. சாவியக் குடு."

எஞ்சினை அணைத்து, சாவியை உருவி அவர் கையில் வைத்தீர்கள். "சாரமில்ல" என்றீர்கள். யாரிடம் சொன்னீர்கள்? அண்ணனிடமா, என்னிடமா? பிறகு சீட்டுக்கு அடியில் குனிந்து செருப்பை எடுத்துப் போட்டுக்கொண்டு உள்ளே போனீர்கள். ஏலக்காய் மூட்டைகள் வண்டியிலேயே நனைந்துகொண்டிருந்தன.

மறுநாள் வந்த மெக்கானிக் ஆயிலை மாற்றிப் பார்த்தார். விளக்கு அணையவில்லை. எஞ்சினை இறக்கிப் பிரித்தால்தான் தெரியும் என்றார். அண்ணன் பிரிக்கவும் இல்லை, விற்கவும் இல்லை. ராசு என்ற டிரைவரை வைத்து, ஓடுகிற வரைக்கும் ஓடட்டும் என்று விட்டுவிட்டார். சிவப்பைப் பார்த்துப் பார்த்துக் கண் வலிக்கிறது என்று ராசு அதன்மேல் கறுப்பு டேப்பை ஒட்டிவிட்டார். ஐந்து வருஷம் அந்த வண்டி மேட்டுக்கும் தேனிக்கும் தேவதானப்பட்டிக்கும் ஓடியது. ஓடிக்கொண்டிருந்த அந்த வண்டிக்குத்தான் லீலா கெடுத்த வண்டி என்று பெயர்.

நீங்கள் அதில் திரும்ப ஏறவே இல்லை. உங்கள் அம்மாவைப் பார்க்கப் போனால் பஸ்ஸில்தான் போனீர்கள். ஒரு தடவை நானும் வந்தேன். திரும்பி இறங்கும்போது, ஒவ்வொரு வளைவிலும் உங்கள் வலது கால் பஸ்ஸின் தரையை அழுத்தியது. அழுத்தும், விடும், அழுத்தும். செருப்பைக் கழற்றியிருந்தீர்கள். நான் பார்க்கிறேன் என்று தெரிந்ததும் காலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டீர்கள்.

மஞ்சள் காமாலையில் படுத்திருந்தபோது ஒருநாள் உங்களுக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டே கேட்டேன். "மதினி, சாவிய வாங்குன அன்னைக்கு உங்களுக்குக் கோவமே வரலையா?" நீங்கள் கஞ்சியை விழுங்கிவிட்டுச் சொன்னீர்கள்: "உனக்கு அன்னைக்குக் கண்ணத் தெறக்கவே முடியல. உன்னயப் போயி என்ன சொல்ல? சாரமில்ல." என் வாந்தியைப் பற்றிச் சொல்கிறீர்கள் என்று நினைத்தேன். அடுத்த கரண்டிக் கஞ்சியை ஊதி ஆற்றினேன்.

போன மாதம் அண்ணன் ஜீப்பை விற்க முடிவு செய்தார். ஓட்டுவதற்கு இல்லை, உடைப்பதற்கு. எஞ்சின் போன வண்டியை வேறு யார் வாங்குவார்கள் என்று புரோக்கரிடம் அவரே சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை வந்து எடுத்துப்போவதாகப் பேச்சு.

கயலுக்கு அந்த ஜீப் வேண்டும். தோட்டத்தை அவளே பார்த்துக்கொள்கிறேன் என்கிறாள், ஓட்டப் பழக வேண்டும் என்கிறாள். கேட்டபோதெல்லாம் அண்ணன் ஒரே பதிலைச் சொன்னார். "உங்கம்மா ஓட்டி ஒரு எஞ்சின் போனது போதும்." புதன்கிழமை அவள் என் அறைக்கு வந்து நின்றாள்.

"அத்தை, நாளன்னைக்கு ஒடைக்கப் போறாக. என்ன நோயின்னாச்சும் தெரிஞ்சுக்கிட்டு அனுப்புவோம். எங்கம்மா என்னதான் கெடுத்தாகன்னு நான் பாக்கணும்."

மூக்கு நுனி சிவந்திருந்தது. அண்ணன் தேனிக்குப் போயிருந்தார். ராசுவை எடுக்கச் சொல்லி, நானும் அவளும் தேனி ரோட்டில் இருக்கும் தேவசகாயம் மேஸ்திரியின் பட்டறைக்குப் போனோம். முன்பு முந்தலில் பட்டறை வைத்திருந்தவர் அவர். ஊருக்குள் வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

டேஷ்போர்டைப் பார்த்ததும் அவர் நகத்தால் டேப்பின் ஓரத்தை நெம்பினார். "என்ன ராசு, லைட்டுக்குக் கறுப்புக்கொடி குத்தியிருக்க? அது செத்துப்போச்சா?"

"சாகலையேங்கிறதுதான் மேஸ்திரி பிரச்சன. அணையவே மாட்டேங்குது."

"எத்தன வருசமா?"

"அஞ்சு."

மேஸ்திரி ராசுவை ஏற இறங்கப் பார்த்தார். "ஆயில் ஏறாத எஞ்சின் அஞ்சு மைல் தாங்காது. நீ அஞ்சு வருசம் ஓட்டியிருக்க. நீ ஒரு தடவையாச்சும் யோசிச்சியா?"

"நான் எங்க யோசிச்சேன்? ஏறும்போதும் எறங்கும்போதும் கும்பிட்டுக்குவேன்."

கயல் சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு வருஷமில்லை, இரண்டு வருஷமில்லை. வீட்டில் ஒருவருக்குமா இது தோன்றவில்லை?

மேஸ்திரி ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவித் துடைத்துப் பார்த்தார். எஞ்சினை ஓடவிட்டு, நீளமான ஒரு ஸ்குரூ டிரைவரின் முனையை அதன் வயிற்றில் வைத்து, கைப்பிடியைத் தன் காதில் வைத்துக் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு எங்களைக் கூப்பிட்டு எஞ்சினின் பக்கவாட்டைக் காட்டினார். கட்டைவிரல் அளவுக்குப் பித்தளையில் ஒன்று திருகப்பட்டிருந்தது. அதிலிருந்து ஒரு ஒயர் போனது.

"இதான் ஆயில் சுவிட்ச்சு. உள்ள மெல்லிசா ஒரு தகடு இருக்கும். ஆயில் வந்து அதத் தள்ளுனா கரண்ட அத்துவிடும், லைட்டு அணைஞ்சிரும். தள்ளலைன்னா எரியும். இப்பப் பாருங்க." ஒயரை அதிலிருந்து பிடுங்கினார். விளக்கு அணைந்தது. "ஒயர்ல கோளாறு இல்ல. அப்ப ரெண்டுல ஒண்ணு. மெய்யாவே ஆயில் வரல, இல்லைன்னா இந்தச் சுவிட்ச்சு கெட்டுப்போச்சு. அதையும் பாத்துருவோம்."

எஞ்சினை அணைத்து, பித்தளைச் சுவிட்சைக் கழற்றினார். அந்த ஓட்டையில் ஒரு மெல்லிய குழாயைத் திருகினார். குழாயின் மறுமுனையில் கடிகாரம் மாதிரி ஒரு மீட்டர். அதைக் கயல் கையில் கொடுத்து, "பிடிம்மா, முள்ளையே பாரு" என்றார். ராசு சாவியைத் திருப்பினார்.

முள் துள்ளி எழுந்தது மதினி. பாதிக்கு மேலே போய் நின்றது. ராசு ஆக்சிலேட்டரை மிதிக்க இன்னும் கொஞ்சம் ஏறியது, விட்டதும் மெல்ல இறங்கி ஒரு இடத்தில் நின்றது.

"புது எஞ்சின்கூட இப்பிடிக் காட்டாது" என்றார் மேஸ்திரி. "உள்ள ஒரு கொறையும் இல்ல. சுவிட்ச்சுத் தகடு ஒட்டிக்கிட்டுக் கெடக்கு. அஞ்சு வருசமா அதுவா பொய் சொல்லிக்கிட்டு இருந்திருக்கு."

லைட்டுதான் பொய் சொல்லுது என்று வாசலில் நின்று நீங்கள் சொன்னீர்களே. மீட்டர் இல்லை, ஸ்குரூ டிரைவர் இல்லை. வெறும் காதாலும் காலாலும் கேட்டுச் சொன்னீர்கள். கயல் மீட்டரைக் கீழே வைக்காமல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அழுதாள்.

மேஸ்திரி புதுச் சுவிட்சைத் திருகிக்கொண்டே சும்மா கேட்டார்: "மொத மொதல்ல எப்பம்மா எரிஞ்சுச்சு?"

நான் சொன்னேன், ஐந்து வருஷமாகச் சொல்லிவந்த அதே வார்த்தைகளை. "மேட்டுல இருந்து இறக்கம் பூரா எரிஞ்சுச்சு."

அவர் கை நின்றது. "யாரு ஓட்டுனாக?"

"எங்க மதினி."

"லீலாம்மாவா? அப்ப இருக்காதும்மா. எஞ்சினை அணைச்சுட்டு உருட்டிக்கிட்டு வந்தாத்தான் இறக்கம் பூரா லைட்டு எரியும். அவுக அணைக்கவே மாட்டாகளே. முந்தல்ல நாங்க ஒக்காந்திருப்போம். மத்த வண்டியெல்லாம் பூனை மாதிரி சத்தமில்லாம எறங்கி வரும். அவுக வண்டி மட்டும் உறுமிக்கிட்டு வரும். சத்தத்த வச்சே லீலாம்மா வர்றாகன்னு சொல்லுவோம். மேட்டுலயே எரிஞ்சிருந்தா அவுக அங்கனயே நிப்பாட்டியிருப்பாக. நீங்க பாத்திகளா, இறக்கத்துல எரிஞ்சத?"

நான் பார்க்கவில்லை. கண்ணை மூடியிருந்தேன். பட்டறையில் நின்றுகொண்டு அந்த மலையை ஒவ்வொரு வளைவாக மனதுக்குள் இறங்கிப் பார்த்தேன். எலுமிச்சம்பழ வாசம் இருந்தது, உங்கள் கை இருந்தது, எஞ்சின் உறுமல்கூட இருந்தது. விளக்கு இல்லை. அண்ணன் உருட்டிக்கொண்டு வந்த நாட்களின் விளக்கை எடுத்து, உங்களுடைய அந்த நாளில் மாட்டியிருக்கிறேன்.

பொய் சொன்னது அந்தச் சுவிட்ச் மட்டும் இல்லை. உனக்கு அன்னைக்குக் கண்ணைத் திறக்கவே முடியலை என்று நீங்கள் சொன்னது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. வாசலில் என்னைத் திரும்பிப் பார்த்த அந்த நிமிஷத்திலேயே தெரிந்திருக்கிறது. 'இவள் கண்ணை மூடிக்கொண்டு வந்தாள், இவளுக்கு ஒன்றும் தெரியாது' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சாவி உங்களிடமே இருந்திருக்கும். ஏன் சொல்லவில்லை? வெளியாட்கள் முன்னால் நாத்தனாரைப் பொய்க்காரி ஆக்க வேண்டாம் என்றா? நானாகத் திருத்திக்கொள்வேன் என்று காத்திருந்தீர்களா? எத்தனை நாள் காத்திருந்தீர்கள்?

சாயந்திரம் அண்ணன் வந்ததும், ஏலக்காய் மூட்டை அடுக்கும் கிட்டங்கியில் அவர் காய் தரம் பிரித்துக்கொண்டிருந்த இடத்துக்குப் போனேன். பழைய சுவிட்சை அவர் முன்னால் தட்டில் வைத்தேன். மேஸ்திரி செய்ததை ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் கை காய்களுக்குள்ளேயே அளைந்துகொண்டிருந்தது.

"சரி. சுவிட்ச்சுன்னே இருக்கட்டும்" என்றார். "ஆனா அவளுக்கு அது அன்னைக்குத் தெரியாதுல்ல? எரியுதுன்னு தெரிஞ்சும் இறக்கம் பூரா நிப்பாட்டாமத்தான வந்தா? நீதான சொன்ன?"

"நான் பாக்கலண்ணே."

"என்னது?"

"கண்ண மூடிக்கிட்டு வந்தேன். முந்தல்லதான் முழிச்சேன். மதினி சொன்னதுதான் நெசம். முந்தல்லதான் எரிஞ்சிருக்கு, அவுக ஒடனே நிப்பாட்டியிருக்காக."

"பாக்காமயா சொன்ன?" குரல் உயர்ந்தது. "நாலு பேரு முன்னாடி, பாக்காமயா அப்பிடிச் சொன்ன?"

"எப்பவும் எரியுமேன்னு சொன்னேன்."

"எப்பவும் எங்க எரிஞ்சுச்சு?"

"நீங்க ஓட்டும்போது எரியுமேண்ணே."

காயை அளைந்த கை நின்றுவிட்டது. எஞ்சினை அணைத்துவிட்டு எத்தனை தடவை அந்த மலையில் உருண்டு வந்திருப்பார்? அவருக்கும் அதெல்லாம் வரிசையாக ஞாபகம் வந்திருக்க வேண்டும். சுவிட்சை எடுத்து விரலில் உருட்டிப் பார்த்தார். "அவ சொன்னா. லைட்டுதான் பொய் சொல்லுதுன்னு. நான் அவ மூஞ்சியக்கூடப் பாக்கல. ஒன் மூஞ்சியத்தான் பாத்தேன்" என்றார். சுவிட்சைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

வீட்டு வாசலில் நின்ற ஜீப்பில் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். சிவப்பு எரிந்தது. ஸ்டார்ட் செய்தார். அணைந்தது. எஞ்சினை நிறுத்தி மறுபடி திருப்பினார். எரிந்தது, அணைந்தது. நானும் கயலும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். எத்தனை தடவை அப்படிச் செய்தார் என்று எனக்குத் தெரியாது. கடைசியில் எஞ்சினை ஓடவிட்டபடியே இறங்கி, முன்பக்கமாகச் சுற்றி வந்து, நான் உட்காரும் இடது பக்க சீட்டில் ஏறி உட்கார்ந்தார். அந்தச் சீட்டில் அவரை நான் பார்த்ததே இல்லை.

"ஏலே கயலு. வா."

"எங்கப்பா?"

"வாங்கிறேன்ல. செருப்பக் கழட்டிட்டு ஏறு. ஒங்கம்மா அப்பிடித்தான் ஓட்டுவா."

புரோக்கர் வெள்ளிக்கிழமை வந்து வெறுங்கையோடு போனார். அவரிடமும், அன்று வாசலில் நின்ற இரண்டு வியாபாரிகளிடமும், அண்ணனே வண்டிக்கு என்ன நோய் என்று சொன்னார். சட்டைப் பையிலிருந்து சுவிட்சை எடுத்துக் காட்டித்தான் சொன்னார். என்னைப் பற்றி அவர் சொல்லவில்லை. அதை நான்தான் சொல்ல வேண்டும் என்பதால் இந்தக் கடிதம். படிக்கிறவர்களில் யாராவது அந்தப் பேச்சை எங்கேயாவது சொல்லியிருந்தால், அதே இடத்தில் இதையும் சொல்லிவிடுங்கள். எங்கள் மதினி ஓட்டி அந்த எஞ்சினுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் கையில் இருந்ததால்தான் அது இன்னும் ஓடுகிறது.

என்னை மன்னியுங்கள் என்று கேட்கத்தான் உட்கார்ந்தேன். நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று தெரியும். அந்த ஒரு வார்த்தையை இந்தத் தடவை சொல்லாதீர்கள் மதினி. கோபப்படுங்கள்.

கயல் நன்றாக ஓட்டுகிறாள். கியர் மாற்றும்போது நாக்கைக் கடித்துக்கொள்கிறாள், அது போகப் போகச் சரியாகிவிடும். மாசியில் உங்கள் வருஷத் திதி முடிந்ததும் மூன்று பேரும் மேட்டுக்குப் போகிறோம். அவள்தான் ஓட்டுவாள். திரும்பும்போது இரண்டாவது கியரில், எஞ்சின் உறும உறும இறங்குவாள். முந்தலில் யாராவது உட்கார்ந்திருந்தால், யார் வருகிறார்கள் என்று ஒரு நிமிஷம் நிமிர்ந்து பார்க்கட்டும்.

எனக்கு வயிறு புரளத்தான் செய்யும். எலுமிச்சம்பழம் எடுத்து வைத்திருக்கிறேன். ஆனால் மேட்டிலிருந்து முந்தல் வரை, ஒரு வளைவில்கூட நான் கண்ணை மூட மாட்டேன். அந்த விளக்கு எரியாமல் வருவதைப் பார்த்துக்கொண்டே வருவேன். இது நான் உங்களுக்குச் செய்துதரும் சத்தியம்.

அன்று நீங்கள் காட்டிக்கொடுக்காமல் விட்ட
உங்கள் நாத்தனார்,
வசந்தா